3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பனி விளையாட்டுக் கைவேலைகள்: செய்து முடித்ததும் விளையாடும்படி என்ன செய்யலாம்?

வானவில்அட்டை

வணக்கம். 3 முதல் 6 வயது வரை கலந்த 14 குழந்தைகள், கூடவே பெரியவர்கள் 2 பேர். ஒரு வகுப்பு 45 நிமிடம். மேசை துடைப்பதும் கை கழுவுவதும் அதற்குள்தான். குளிர்கால விளையாட்டுகளை வைத்து 4 வகுப்புகளுக்குக் கைவேலை வேண்டும்.

தேடினால் பனிமனிதனும் பஞ்சு ஒட்டிய மரமும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்கு வேண்டியது விளையாட்டு: ஸ்கீ, ஸ்கேட்டிங், ஸ்லெட்ஜ், ஐஸ் ஹாக்கி, கர்லிங் (பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கவிட்டு இலக்கு வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம்) மாதிரி. குழந்தைகளில் பலர் பனியை நேரில் பார்த்ததில்லை. செய்து முடித்த பொருளை நகர்த்தி, தள்ளி, சறுக்கவிட்டுப் பார்த்தால் அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்பது கொஞ்சமாவது பிடிபட வேண்டும்.

இருப்பவை: ஐஸ் குச்சி, அட்டைப் பெட்டிகள், டிஷ்யூ உருளை, பாட்டில் மூடி, காகிதத் தட்டு, சார்ட் பேப்பர், காயாத களிமண், காது குடையும் பஞ்சுக்குச்சி, வெள்ளைப் பசை, பசைக்குச்சி, செலோ டேப். ஃப்ரீசரும் ஓவனும் பயன்படுத்தலாம்.

இரண்டு சந்தேகங்கள். 3 வயதும் 6 வயதும் ஒரே மேசையில் ஒரே பொருளைச் செய்ய வழி உண்டா? ஐஸ் குச்சிகளை வெள்ளைப் பசையால் ஒட்டினால் கையில் எடுத்ததுமே கழன்றுவிடுகின்றன, ஏன்?

மூடித்திறப்பு

முதல் வகுப்புக்குக் கர்லிங்கையே சொல்வேன். காயக் காத்திருக்க வேண்டியதில்லை, குழந்தைகள் வெட்டவேண்டிய இடம் எதுவும் இல்லை, கால் மணி நேரத்தில் ஆட்டம் தொடங்கிவிடலாம்.

நிஜக் கர்லிங் கல் 17 முதல் 20 கிலோ வரை எடையுள்ள கிரானைட். அதன் அடிப்பாகம் முழுவதும் பனிக்கட்டியில் படியாது. நடுவில் குழிந்திருக்கும், குறுகிய வளையம் ஒன்று மட்டுமே தரையைத் தொடும். பாட்டில் மூடியின் திறந்த பக்கத்தைக் கீழே வைத்தால் அதே அமைப்பு தானாகவே வந்துவிடுகிறது. அதனால்தான் பொத்தான், நாணயம் எதையும்விட மூடி நன்றாகச் சறுக்குகிறது.

ஒரு குழந்தைக்கு 2 மூடி போதும். நிஜ ஆட்டத்திலும் அணிக்கு 4 பேர், ஒரு சுற்றில் ஆளுக்கு 2 கல்தான். மூடிக்குள் காயாத களிமண்ணை அழுத்தி நிரப்பச் சொல்லுங்கள். ஆனால் விளிம்புவரை வேண்டாம், 2 மி.மீ. இடம் விட்டு நிறுத்த வேண்டும். களிமண் விளிம்பைத் தாண்டினால் தரையில் உரசி மூடி அங்கேயே நின்றுவிடும். களிமண்ணே போடாவிட்டால் மூடி எடையில்லாமல் துள்ளிக் கவிழும். தண்ணீர் சேர்த்துப் பிசையும் களிமண் காய்ந்து சுருங்கி மூடியிலிருந்து உதிரும், அதனால் காயாத வகைதான் சரி. இந்த நிரப்பும் வேலை 3 வயதுக் குழந்தைக்கு அளவெடுத்தது போன்றது.

கைப்பிடிக்கு 1 செ.மீ. அகலம், 7 செ.மீ. நீளத்தில் அட்டைப் பட்டை. இரு முனையிலும் ஒன்றரை செ.மீ. மடித்து, பாலம் போல வளைத்து மூடியின் மேல் இருபக்க டேப்பால் ஒட்டவும். இங்கே வெள்ளைப் பசை வேலை செய்யாது. மூடியின் பிளாஸ்டிக் பசையை ஏற்காது. காய்ந்ததும் தகடாக உரிந்து வரும். ஒரு அணிக்குச் சிவப்புக் கைப்பிடி, மற்றதற்கு மஞ்சள்.

களம்தான் கொஞ்சம் கவனம் கேட்கும். போட்டிக் களத்தில் இலக்கு வட்டங்களின் விட்டம் 12, 8, 4 அடி. அதே விகிதத்தில் 18, 12, 6 செ.மீ. வட்டங்களைச் சார்ட் பேப்பரில் வரைந்துவிட்டால் வண்ணம் தீட்டுவது குழந்தைகள் வேலை. வெளி வளையம் நீலம், அடுத்தது வெள்ளை, உள்ளே சிவப்பு. ஓடுபாதை 1 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம் இருக்கட்டும். மேலே அகலமான ஒளிபுகும் டேப்பை ஒட்டுங்கள். டேப்பை நீளவாக்கில்தான் ஒட்ட வேண்டும். குறுக்கே ஒட்டினால் ஒவ்வொரு விளிம்பிலும் மூடி தட்டித் திசை மாறும். இரண்டு தாள்களை இணைக்கும்போது, தள்ளும் பக்கத்துத் தாள் மேலேயும் இலக்குப் பக்கத்துத் தாள் கீழேயும் இருக்கட்டும். மூடி படி இறங்கிப் போகலாம், ஏறச் சொல்லக்கூடாது.

எண்ணிக்கை விதி எளிது. நடுப்புள்ளிக்கு மிக அருகில் யாருடைய கல் இருக்கிறதோ அந்த அணிக்கே புள்ளி. எதிரணியின் சிறந்த கல்லைவிட அருகில் அவர்களுடைய எத்தனை கற்கள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. 5, 6 வயதுக்காரர்கள் நூல் வைத்து அளந்து தாங்களே தீர்ப்புச் சொல்வார்கள். 3 வயதுக்கு, வட்டத்துக்குள் போனால் கைதட்டு. அவ்வளவுதான்.

கத்தரிப்பூ

ஸ்கீ வீரரைச் செய்ய நிறையப் பேர் ஐஸ் குச்சியில் முகம் வரைந்து இரண்டு குச்சிகளை அடியில் ஒட்டுகிறார்கள். அழகாக இருக்கும், நிற்காது. சறுக்கவே சறுக்காது. டிஷ்யூ உருளையில் செய்தால் நிற்கும், சறுக்கும்.

உருளையைப் பாதியாக, 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இது பெரியவர் வேலை, முந்தைய நாளே முடித்துவிடலாம். அடியில் 1 செ.மீ. ஆழத்துக்கு 4 இடத்தில் கீறி, அந்த மடிப்புகளை வெளியே விரித்தால் பாதம் கிடைத்துவிடும். முகம், குல்லா, எண் பட்டை எல்லாம் குழந்தைகள் வரையட்டும். விரித்த பிறகு வரையச் சொல்லுங்கள், அப்போது உருளை உருண்டு படுத்தாது.

ஸ்கீக்கு, கெட்டியான மழமழப்பான அட்டையில் 2 செ.மீ. அகலம், 14 செ.மீ. நீளத்தில் 2 பட்டைகள். பிஸ்கட் பெட்டி அட்டை சரியாக இருக்கும். முன்முனை 2 செ.மீ. பகுதியைப் பென்சிலில் சுற்றி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். மேல்நோக்கி வளைந்து நிற்கும். நிஜ ஸ்கீயும் முனை வளைந்தே இருக்கிறது, இல்லாவிட்டால் பனிக்குள் குத்திக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிடும். வளைத்த ஸ்கீயையும் வளைக்காத ஸ்கீயையும் ஒரே சரிவில், ஒரு துண்டு விரித்து விட்டுக் காட்டுங்கள். வளைக்காதது துணியில் சிக்கி நிற்கும். வாயால் விளக்குவதைவிட இது நன்றாகப் புரியும்.

சிலர் ஐஸ் குச்சியையே வெந்நீரில் ஊறவைத்து, டம்ளருக்குள் வளைத்துக் காயவிட்டு ஸ்கீ செய்கிறார்கள். பார்க்க மிக நேர்த்தி. ஆனால் குறைந்தது அரை மணி நேரம் கொதித்த நீரில் ஊற வேண்டும், ஒரு இரவு காய வேண்டும், பல குச்சிகள் நார்வாக்கில் பிளந்துபோகும். 14 குழந்தைகளுக்கு 28 குச்சி வேண்டுமென்றால் 40 குச்சியாவது ஊறவைக்க வேண்டியிருக்கும். இந்த வயதுக்கு அட்டையே போதும்.

கைக்கோலுக்குப் பல்குத்தும் குச்சி வேண்டவே வேண்டாம். காது குடையும் பஞ்சுக்குச்சி போதும். கீழ்முனைப் பஞ்சு, நிஜக் கோலின் அடியில் இருக்கும் வட்டத் தகடு போலவே தோன்றும். கோல் பனியில் ஆழமாக இறங்காமல் தடுப்பது அந்தத் தகடுதான். உருளையின் இருபக்கமும் துளையிட்டு, உள்பக்கம் டேப் ஒட்டினால் ஆடாது.

ஒட்டும்போது இரண்டு ஸ்கீக்கும் இடையே 1 செ.மீ. இடைவெளி விட்டு, உருளையை நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி வைக்கவும். முன்னால் ஒட்டினால் குப்புற விழும். உருளையின் அடியில் நெல்லிக்காய் அளவு களிமண் வைத்து எடையைக் கீழே இறக்குங்கள்.

சரிவுக்கு 60 செ.மீ. நீள அட்டையை 15 செ.மீ. உயரத்தில் சாய்த்துத் தொடங்குங்கள். நகராவிட்டால் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 25 செ.மீ. வரை ஏற்றலாம். பெட்டி அட்டையின் உள்வரிகள் சரிவின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அட்டை நடுவில் மடங்கும், ஒவ்வொரு வரியிலும் ஸ்கீ தயங்கும். ஸ்கீயின் அடியில் வெள்ளை மெழுகுவத்தியை 4, 5 முறை தேய்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். போட்டி ஸ்கீக்கும் மெழுகு தேய்க்கிறார்கள் என்பதைக் குழந்தைகளிடம் சொல்லத் தவறாதீர்கள். தேய்த்த ஸ்கீ, தேய்க்காத ஸ்கீ இரண்டையும் ஒன்றாக விட்டால் அதுவே ஒரு பந்தயம்.

வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலமுக்கு, ஸ்ட்ராவை 8 செ.மீ. துண்டுகளாக வெட்டிக் களிமண் உருண்டையில் நட்டு, சிவப்பு, நீலம் என மாற்றி மாற்றி வைக்கவும். போட்டியிலும் அந்த இரண்டு நிறங்கள்தான் மாறி மாறி வரும். இதில் பொம்மை தானாக வளையாது, கையால் ஓட்டிச் செல்ல வேண்டும். 3 வயதுக்கு அதுதான் பிடித்த பகுதியாக இருக்கும்.

6 வயதுக்காரர்களுக்கு ஸ்கீ ஜம்ப் கொடுங்கள். 10 செ.மீ. அகல அட்டையின் இரு ஓரங்களையும் 1 செ.மீ. மடித்தால் ஓடை மாதிரி பாதை. 70 செ.மீ. நீளம், உச்சி 40 செ.மீ. உயரம், கீழ்முனை மேசை ஓரத்தில், கடைசி 10 செ.மீ. படுக்கைவாட்டில். தரையில் துணி விரித்து, விழுந்த இடத்தை அளவு நாடாவால் குறிக்கலாம். இதற்கு உருளைப் பொம்மை கனம் அதிகம். அட்டையில் வெட்டிய ஆளை, முன்பக்கம் விரிந்த இரண்டு சிறு ஸ்கீகளின் மேல் ஒட்டுங்கள். ஸ்கீயை அப்படி விரித்துப் பறப்பதை 1980களில் சுவீடனின் யான் போக்லோவ் போட்டிகளில் செய்துகாட்டினார். அதற்கு முன் பெரும்பாலோர் இரண்டையும் இணையாகச் சேர்த்து வைத்தே பறந்தார்கள். விரித்தால் காற்று அடியிலிருந்து அதிகம் தாங்கும். பொம்மை விளிம்பைத் தாண்டியதும் தலைகீழாகச் சாய்ந்தால் வேகம் போதவில்லை என்று பொருள். உச்சியை உயர்த்துங்கள், துளிக் களிமண்ணை நடுவிலிருந்து அரை செ.மீ. பின்னால் ஒட்டுங்கள்.

நிஜத் தளத்தில் பாயும் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சற்றுக் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும். வீரர் தன் கால்பலத்தால் எழும்புகிறார்.

பதமாய்

மேலே சொன்னவை எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் 3 வயதுக் குழந்தைகள் இருக்கும் மேசைக்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியம்.

ஒன்று, சிறு பொருள்கள். 3 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது. சாதாரணத் தண்ணீர் பாட்டில் மூடி ஏறக்குறைய 3 செ.மீ., அதாவது அடங்கிவிடும். 3 வயது நிறைந்தும் எதையும் வாயில் வைக்கும் குழந்தை இருந்தால் அகலமான ஜாடி மூடிகளைக் கொடுங்கள். கர்லிங் கல் பெரிதாக இருந்தால் ஆட்டம் கெடாது, வட்டங்களையும் அதற்கேற்பப் பெரிதாக்கினால் போதும். மணி, சிறு பொத்தான், சிறிய பஞ்சுப் பந்து எல்லாம் இந்த மேசைக்கு வேண்டாம்.

இரண்டு, காந்தம். காகிதத் தட்டில் ஸ்கேட்டிங் ஆடும் பொம்மை செய்து, கீழிருந்து காந்தத்தால் நகர்த்துவது அருமையான கைவேலை. செய்யுங்கள். ஆனால் பட்டாணி அளவுள்ள சக்திவாய்ந்த காந்தங்கள் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துச் சுவரையே துளைத்துவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். பிளாஸ்டிக் உறைக்குள் முழுதாக அடைத்த, விரல் நீளத்துக்கும் மேலான சட்டக் காந்தமாக வாங்குங்கள். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணுங்கள். ஐஸ் குச்சி முனையில் வட்டக் காந்தத்தைப் பசையால் ஒட்டுவதும் ஆபத்தே, அது எப்போது வேண்டுமானாலும் கழலும்.

செய்முறை சுருக்கமாக: 6 செ.மீ. உயர அட்டைப் பொம்மை. காலடியில் ஒன்றரை செ.மீ. மடிப்பு விட்டு அதில் ஜெம் கிளிப் ஒன்றைச் செருகவும். மேலே பிளாஸ்டிக் பூச்சு இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே இரும்பா என்று காந்தத்தை வைத்து முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மெல்லிய காகிதத் தட்டு வேண்டும். தெர்மாகோல் தட்டின் தடிமனைத் தாண்டிச் சாதாரணக் காந்தம் இழுக்காது. தட்டை 4 கோப்பைகளின் மேல் நிறுத்தினால் கை நுழைய இடம் கிடைக்கும்.

தட்டின் ஓரத்தில் நீள்வட்டப் பாதை வரைந்தால் வேக ஸ்கேட்டிங். எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் ஓட வேண்டும். நடுவில் 8 வரைந்து அதன்மேல் பொம்மையை ஓட்டினால் ஃபிகர் ஸ்கேட்டிங். பனிக்கட்டியில் இப்படி வட்டங்களையும் 8 வடிவத்தையும் துல்லியமாகக் கீறுவது 1990 வரை உலகப் போட்டிகளில் ஒரு பகுதியாகவே இருந்தது. எழுதப் பழகும் வயதில் 8 மீது கை ஓடுவது வேறு வகையிலும் பயன்படும்.

பசையும்கிளிப்பும்

குச்சி கழல்வது பற்றி. வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர் மரத்துக்குள் இறங்கிய பிறகுதான் பிடிப்பு வரும். அதற்கு 20 முதல் 30 நிமிடம் அழுத்தத்தில் இருக்க வேண்டும், முழு பலத்துக்கு ஒரு நாள். குழந்தைகள் பசையைக் குளம்போல ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்றக் குச்சி வழுக்கிக்கொண்டே போகும், உள்ளே காயவும் செய்யாது. மூடியில் கொஞ்சம் பசை ஊற்றி, பஞ்சுக்குச்சியால் தொட்டு மெல்லிய கோடாகத் தடவச் சொல்லுங்கள். ஒட்டிய இடத்தில் துணி மாட்டும் கிளிப்பைப் போட்டுவிடுங்கள். பசைக்குச்சி காகிதத்துக்கு மட்டும்தான். மரத்தில் எவ்வளவு தேய்த்தாலும் பிடிக்காது. ஏற்கெனவே பயன்படுத்திய ஐஸ் குச்சிகள் என்றால் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்தவையாக இருக்கட்டும். சர்க்கரைப் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் தோற்கும்.

ஆகவே ஸ்லெட்ஜை இரண்டு வகுப்பாகப் பிரியுங்கள். முதல் வகுப்பில் மேல்தளம், அடுத்ததில் சறுக்குக் கால்கள்.

தளத்துக்குக் குச்சிகளை வெட்டவே வேண்டாம். சாதாரணக் குச்சி ஏறத்தாழ 11 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம். 11 குச்சிகளை ஒட்டி ஒட்டி அடுக்கினால் சதுரம் வந்துவிடும். மேலும் கீழுமாக 2 குச்சிகளைக் குறுக்கே பசை தடவி வைத்து, மேலே கனமான புத்தகம். இடையில் நெகிழித் தாள் போட மறந்தால் புத்தகமும் சேர்ந்து ஒட்டும். 3 வயதுக் குழந்தை வண்ணம் தீட்டிய குச்சிகளை வரிசையாக அடுக்கட்டும், பசைக்கோடு 5 வயதுக்காரர் போடட்டும். இரண்டு பேர் ஒரு ஸ்லெட்ஜ்.

சறுக்குக் கால்களைப் படங்களில் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டியிருப்பார்கள். அந்த விளிம்பு 2 மி.மீ. மட்டுமே, பசை பிடிக்க இடமே இல்லை, முதல் சறுக்கலிலேயே விழும். குச்சியைப் படுக்கைவாட்டில், இரண்டு அடுக்காக, முன்பக்கம் 2 செ.மீ. நீட்டி ஒட்டுங்கள். அழகு கொஞ்சம் குறையும், உடையாது. க்ளூ கன் வேண்டுமா என்று கேட்பீர்கள். 14 குழந்தைகள் சுற்றி நிற்கும் மேசையில் அதை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறைந்த வெப்ப வகையின் பசைகூட 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும்.

சறுக்க விடும்போது ஓர் அட்டைப் பொம்மையை மூன்று விதமாக ஏற்றிப் பாருங்கள். மல்லாந்து, கால் முன்னால் இருந்தால் அது லூஜ். குப்புறப் படுத்து, தலை முன்னால் இருந்தால் ஸ்கெலிட்டன். பலர் வரிசையாக உட்கார்ந்தால் பாப்ஸ்லெட். மூன்று விளையாட்டு, ஒரே வண்டி.

வானவில்அட்டை

எல்லோருக்கும் நன்றி. வயது கலந்த மேசைக்கு வழி இப்போது தெளிவாகிறது. ஃப்ரீசரை வைத்து யாரும் எதுவும் சொல்லவில்லையே? ஐஸ் ஹாக்கிக்கு உண்மையான பனிக்கட்டியே இருந்தால் எப்படி என்று யோசிக்கிறேன். கடைசி வகுப்பில் ஆளுக்கொரு பதக்கமும் கொடுக்க வேண்டும்.

உறைகுளம்

கண்டிப்பாகச் செய்யுங்கள். பனி பார்க்காத குழந்தைகளுக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய விஷயம்.

விளிம்பு 3 செ.மீ. உள்ள உலோகத் தட்டு, 2 குழந்தைகளுக்கு ஒன்று. முதலில் அரை செ.மீ. தண்ணீர் ஊற்றி உறையவிடவும். உறைந்ததும் சிவப்புக் கம்பளி நூலை நடுவில் குறுக்கே ஒன்றும், நீல நூலை அதன் இருபக்கமும் ஒவ்வொன்றுமாக வைத்து, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை ஒரு மெல்லிய படலமாக மட்டும் ஊற்றி மறுபடி உறையவிடுங்கள். நூல் பிடித்துக்கொண்ட பிறகு இன்னும் அரை செ.மீ. ஊற்றலாம். ஒரேயடியாக ஊற்றினால் நூல் மிதந்து கோணலாகும், வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் கீழ் அடுக்கே உருகி விரிசல் விடும். நிஜ ஹாக்கிக் களத்தையும் இப்படி அடுக்கடுக்காகத்தான் உறையவைக்கிறார்கள். கோடுகள் பனிக்கட்டியின் மேலே இல்லை, உள்ளே இருக்கின்றன. குழந்தைகள் கோட்டைத் தடவிப் பார்க்கட்டும், கைக்கு அகப்படாது.

ஃப்ரீசரில் தட்டு சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் பக் (ஹாக்கியில் பந்துக்குப் பதில் அடிக்கும் வட்டு) எப்போதும் ஒரே மூலைக்குப் போகும். மேலே வெண்பூச்சு படிந்திருந்தால் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து 10 நிமிடம் மீண்டும் உள்ளே வையுங்கள். கண்ணாடி போலாகும்.

ஹாக்கி மட்டைக்கு ஐஸ் குச்சி ஒன்று, அதன் அடிமுனையில் சாய்வாக ஒட்டிய 3 செ.மீ. துண்டு ஒன்று. துண்டுகளைப் பெரியவர் முன்பே வெட்டி முனையைத் தேய்த்து வைக்கட்டும், முந்தைய வகுப்பிலேயே ஒட்டிக் காயவிடவும். பக்குக்குத் தட்டையான பெரிய மூடி. நிஜப் பக் 7.6 செ.மீ. விட்டமும் 2.5 செ.மீ. தடிமனும் உள்ள ரப்பர் வட்டு. துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். உங்கள் மூடியையும் தட்டோடு சேர்த்து ஃப்ரீசரில் வைத்தால் பனிக்கட்டியை உருக்காமல் ஓடும். கோல் வலைக்குச் சிறிய அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி டேப்பால் விளிம்பில் மாட்டலாம். அட்டையை முழுக்க டேப் சுற்றாவிட்டால் ஊறிப்போகும்.

ஆட்டம் 15 நிமிடத்துக்கு மேல் தாங்காது. மேற்பரப்பில் தண்ணீர் நிற்கத் தொடங்கினால் பக் ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். தட்டின் அடியில் மடித்த துண்டு வையுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உலோகத்தை ஈரக்கையால் தொட்டால் தோல் ஒட்டும், ஆகவே தட்டைத் தூக்குவது பெரியவர்கள்தான். 2 நிமிடம் வெளியே இருந்த பிறகு குழந்தைகளிடம் தள்ளுங்கள்.

மூடித்திறப்பு

சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் குழந்தைகளுக்கு ஒன்று: பயாத்லான், அதாவது ஸ்கீயில் ஓடி இடையிடையே துப்பாக்கியால் இலக்கைச் சுடும் போட்டி. 5 காகிதக் கோப்பைகளின் ஒரு பக்கத்தில் கருப்பு வட்டம், மறுபக்கம் வெள்ளை. வரிசையாக வைத்து, கசக்கிய காகிதப் பந்தால் விழுத்த வேண்டும், விழுந்ததை வெள்ளைப் பக்கம் திருப்பி வைக்கலாம். போட்டியிலும் 5 இலக்குகள்தான், சுட்டதும் கருப்பு மறைந்து வெள்ளையாகும். பல போட்டிகளில் தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று உண்டு. இங்கே மேசையை ஒரு சுற்று. முதலில் படுத்துக்கொண்டு எறிய வேண்டும், பிறகு நின்றுகொண்டு.

லேஸ்முடிச்சு

அமைதியாக உட்கார்ந்து செய்ய ஒன்று வேண்டுமென்றால் ஸ்கேட் காலணி. கெட்டி அட்டையில் 18 செ.மீ. உயரத்தில் காலணி வடிவம், முன்பக்கம் 2 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசையாக 5 ஜோடித் துளைகள், 90 செ.மீ. லேஸ். விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே துளையிடுங்கள், ஓரத்தில் இட்டால் இழுக்கும்போது கிழியும். பின்னால் டேப் ஒட்டிவிட்டுத் துளையிட்டால் இன்னும் உறுதி. லேஸ் முனை பிரிந்துபோனால் டேப்பை இறுக்கச் சுற்றிக் கூராக்குங்கள், இல்லாவிட்டால் குழந்தை பொறுமை இழந்துவிடும். 3 வயதுக்கு 3 ஜோடி போதும்.

கத்திக்கு அலுமினியத் தாளை அட்டைப் பட்டையில் சுற்றி ஒட்டவும். இங்கே குழந்தையே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும்: முன்முனையில் பற்கள் வெட்டினால் ஃபிகர் ஸ்கேட்டிங், இருமுனையும் உருட்டினால் ஹாக்கி, காலணியைத் தாண்டி நீண்டால் வேக ஸ்கேட்டிங்.

பதக்கத்துக்கு உப்பு மாவு. மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் ஒரு கப்புக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையில் ஒட்டினால் மைதா தூவலாம், வெடித்தால் கையை நனைத்துப் பிசையலாம். 5 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, 7 செ.மீ. டம்ளரால் வட்டம் வெட்டி, ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி ஸ்ட்ராவால் துளை. காயும்போது துளை சுருங்கும், ஆகவே ஸ்ட்ராவைச் சுற்றிச் சுழற்றிக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். மேலே ஸ்கேட்டோ ஸ்கீயோ பென்சில் முனையால் கீறட்டும். 100 டிகிரி ஓவனில் 2 முதல் 3 மணி நேரம், பாதியில் திருப்பிப் போட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உப்பிப் பிளந்துவிடும். ஓவன் இல்லாமல் காற்றில் என்றால் 3 நாள், தினமும் திருப்ப வேண்டும். அதனால் மூன்றாவது வகுப்பிலேயே வடிவம் செய்துவிட்டு நான்காவதில் வண்ணம் பூசுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது பூசினால் வண்ணம் உரியும். மாவை யாரும் சுவைக்க விடாதீர்கள், உப்பு மிக அதிகம்.

நாடாவை 60 செ.மீ. நீளத்தில் வெட்டி, முனைகளை முடிச்சுப் போடாமல் ஒரு சிறு துண்டு டேப்பால் மட்டும் இணையுங்கள். ஓடும்போது எதிலாவது மாட்டி இழுத்தால் டேப் விட்டுக்கொடுக்கும், கழுத்து தப்பும்.